பலகையும் கயிறும்: பெப்பின் ஏரிப் பயணக் குறிப்புகள்

செவ்வாய்க்கிழமை, ரெட் விங் வழியாக லேக் சிட்டி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரிலிருந்து தென்கிழக்காகச் செல்லும் 61ஆம் எண் நெடுஞ்சாலை ரெட் விங் என்னும் சிற்றூரைத் தாண்டியதும் மிசிசிப்பி ஆற்றை ஒட்டியே ஓடத் தொடங்குகிறது. அதுவரை தீவுகளுக்கும் கிளை வாய்க்கால்களுக்கும் இடையே பிரிந்து பிரிந்து வந்த ஆறு, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரே நீர்ப்பரப்பாக விரிந்து பெப்பின் ஏரி என்ற பெயரைப் பெறுகிறது. கீழே விஸ்கான்சின் பக்கமிருந்து வந்து சேரும் சிப்பெவா ஆறு தான் சுமந்து வரும் மணலையெல்லாம் கூடுமிடத்தில் கொட்டுவதால், மிசிசிப்பியின் வழி பாதி அடைபட்டு, மேற்புறம் தண்ணீர் தேங்கி இந்த ஏரி உண்டாகியிருக்கிறது. நீளம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அகலம் மூன்று கிலோமீட்டர் அளவில் இருக்கும். இருபுறமும் செங்குத்தான சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிற்கின்றன.

குன்றுகளைப் பார்க்க நாங்கள் இங்கே வரவில்லை. படகுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுக்கும் பலகையை, காலில் மாட்டிக்கொண்டு நிற்கும் நீர்ச்சறுக்காக மாற்றிக் காட்டிய பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் 1922இல் இந்த ஏரியில்தான் அதைச் செய்தான் என்பதற்காக வந்திருக்கிறோம். அண்ணனும் நானும் சிறுவயதில் சித்தப்பாவின் படகுக்குப் பின்னால் வீட்டிலேயே செய்த எத்தனையோ பொருள்களில் தொற்றிக்கொண்டு போனவர்கள். அண்ணனின் மகளுக்கு இப்போது பத்து வயதாகிறது. நாங்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு, அதையெல்லாம் தானும் செய்து பார்க்க வேண்டுமென்று அவள் பிடிவாதம் பிடித்ததால்தான் இந்தப் பயணம் முடிவாயிற்று. காரின் பின்பக்கத்தில், பழைய போர்வையில் சுற்றிய வட்டமான ப்ளைவுட் தட்டு ஒன்று கிடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வரும் வழியெல்லாம் பேச்சு லாரி ட்யூப்பைப் பற்றியே இருந்தது, ஏனென்றால் எங்கள் முதல் வாகனம் அதுதான். தேய்ந்து தூக்கி எறிந்த ட்யூப்புக்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்து, நேராகக் கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டி இழுத்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். கயிறு ரப்பருக்குள் புதைந்து, வட்டம் முட்டை வடிவமாக நீண்டு, உட்கார்ந்திருப்பவரை இரு பக்கமும் இடுக்கிப் பிடிக்கும். நடு ஓட்டையில் உட்கார்ந்தால் இடுப்பு தண்ணீருக்குள் தொங்கி, அந்தப் பாரத்தைச் சேர்த்து இழுக்க முடியாமல் சிறிய எஞ்சின் திணறும். ட்யூப்பின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டால் வால்வு வயிற்றில் குத்தும். வெயிலில் கிடந்த கறுப்பு ரப்பர் சுடும் என்பதால் ஏறுவதற்கு முன் கைநிறையத் தண்ணீர் அள்ளி ஊற்றியாக வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஒவ்வொன்றாக வழி கண்டோம். ட்யூப்பைச் சுற்றிலும் கயிற்றால் வலைபோல் பின்னி, இழுக்கும் கயிற்றை ரப்பரில் கட்டாமல் அந்த வலையில் கட்டச் சொன்னவர் சித்தப்பா. அப்படிக் கட்டியதும் இழுவை ஓரிடத்தில் குவியாமல் சுற்றளவு முழுவதும் பரவியது. ட்யூப் வட்டம் குலையாமல் வந்தது. வால்வின் மீது துணியைச் சுருட்டிக் கட்டினோம். ஓட்டைக்குக் குறுக்கே ஒரு சட்டத்தை வைத்துக் கட்டியதும் உட்கார்ந்தவரின் இடுப்பு மேலே வந்துவிட்டது. அன்று அதை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. ஆனால் தண்ணீருக்குள் தொங்கும் ஒவ்வோர் அங்குலமும் எஞ்சினுக்குச் சுமை என்பது அந்தச் சட்டத்தை வைத்த மாத்திரத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

புதன்கிழமை, லேக் சிட்டி

நீர்ச்சறுக்கின் பிறப்பிடம் என்று லேக் சிட்டி தன்னை அழைத்துக்கொள்கிறது. ஊர் சிறியது. கரையை ஒட்டிப் பெரிய படகுத்துறையும், கல்லால் ஆன அலைத்தடுப்பும், மரநிழலில் நடக்கும் பாதையும் இருக்கின்றன. காலை முழுவதும் கரையிலேயே இருந்தோம்.

ரால்ஃப் சாமுவேல்சன் இந்த ஊர்க்காரர். அவருடைய காலத்தில் படகுக்குப் பின்னால் பலகையில் போவது புதிய செய்தியே அல்ல. அக்வாபிளேன் என்ற அகலமான பலகையைப் படகோடு கயிற்றால் பிணைத்து, அதன் மேல் ஒருவர் நின்றுகொண்டு, பலகையின் முன்விளிம்பில் கட்டிய இன்னொரு கயிற்றைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு போகும் விளையாட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. அதில் படகு இழுப்பது பலகையை. ஆள் அதன் மேல் நிற்கும் பாரம் மட்டுமே. சாமுவேல்சன் யோசித்தது வேறு. பனியில் சறுக்கும் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்க முடியுமானால், அதேபோல் இரண்டு கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு கயிற்றைக் கையில் பிடித்தால் தண்ணீரின் மேலும் போக முடியாதா என்பதுதான் அவருடைய கேள்வி. கயிறு பலகையை விட்டு மனிதனின் கைக்கு மாறிய அந்த இடத்தில்தான் ஒரு புதிய விளையாட்டு பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் முதலில் பீப்பாயின் வளைந்த பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், தாங்கவில்லை. பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்துப் பார்த்தார்; அவையும் ஒத்துவரவில்லை. பிறகு மரக்கடையிலிருந்து எட்டடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் உள்ள இரண்டு பைன் பலகைகளை வாங்கி வந்து, வீட்டில் அம்மா துணி வெளுக்க வைத்திருந்த கொப்பரையில் அவற்றின் நுனிகளைக் கொதிக்கவைத்து, மரம் இளகியதும் மேல்நோக்கி வளைத்து, இறுக்கிக் கட்டிக் காயவைத்தார். நடுவில் கால் நுழைக்கத் தோல் வார் ஒன்றை அறைந்தார். ஜன்னல் சட்டங்களைத் தூக்கி இறக்கப் பயன்படும் கயிறு நூறடி நீளத்துக்குக் கிடைத்தது; அதன் முனையில் பிடித்துக்கொள்ள ஊர்க் கொல்லர் ஓர் இரும்பு வளையம் செய்து கொடுத்தார். படகை ஓட்டியவர் அண்ணன் பென்.

இந்தப் பட்டியலைத் துறையில் நின்று அண்ணன் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தபோது அவள் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, "இதுவும் வீட்டிலிருந்ததா அத்தை?" என்று கேட்டாள். ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். கொப்பரை, ஜன்னல் கயிறு, தோல் வார் என்று வேறு எதற்கோ இருந்தவை அங்கே ஒன்றாகக் கூடியிருக்கின்றன. கடையில் வாங்கிய பலகைகூட கட்டடத்துக்கு விற்ற பலகைதான்.

ஆனால் கட்டைகள் தயாரான பிறகும் அவர் எழுந்துவிடவில்லை. நாள்கணக்கில் முயன்றும் படகு கிளம்பியதும் அவர் தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருந்தார். கட்டைகளைத் தண்ணீர் மட்டத்திலோ அதற்குக் கீழோ வைத்துக்கொண்டு கிளம்பியதுதான் காரணம்: இழுத்தவுடன் நுனி நீரைக் குத்தி உள்ளே இறங்கிவிடும். கடைசியில், பின்னால் சாய்ந்து, கட்டைகளின் நுனிகளை நீர்ப்பரப்புக்கு மேலே நீட்டி வைத்துக்கொண்டு இழுக்கச் சொன்னார். எழுந்தார். அது 1922ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி. மறுநாள் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. இன்றும் நீர்ச்சறுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் முதல் பாடமாகச் சொல்வது இதைத்தான்: முழங்காலை மடக்கு, பின்னால் சாய், நுனி மேலே இருக்கட்டும், படகு உன்னைத் தூக்கட்டும்.

எட்டடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் எதற்கு என்று இன்றைய ஒல்லியான கட்டைகளைப் பார்ப்பவர்கள் வியக்கலாம். வேகமும் பரப்பும் ஒன்றுக்கொன்று ஈடு செய்பவை. மெதுவாகப் போகும் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரின் எதிர்விசையே அதைத் தூக்கி மேற்பரப்பில் வழுக்கி ஓட வைக்கிறது. வேகம் இரு மடங்கானால் அந்தத் தூக்கும் விசை நான்கு மடங்காகும் என்பதால், வேகமான படகுக்குச் சிறிய பலகை போதும்; மெதுவான படகுக்குப் பெரிய பரப்பு வேண்டும். சாமுவேல்சனுக்குக் கிடைத்ததோ மெதுவான படகுதான். சித்தப்பாவின் படகும் அப்படியே. எங்கள் பலகைகள் எல்லாம் ஏன் அவ்வளவு அகலமாக இருந்தன என்பதற்கு அதுவே விடை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1925இல், அவர் இதே ஏரியில் மிதந்த குதிமேடை ஒன்றின் ஒரு முனையைத் தாழ்த்திச் சரிவாக்கி, அதில் ஏறிக் காற்றில் தாவினார். முதல் முறை மேடையின் மரத்தில் கட்டைகள் உராய்ந்து பிடித்துக்கொள்ள, பிறகு பலகையில் பன்றிக் கொழுப்பைத் தடவி வழுக்க வைத்தார். தண்ணீரிலிருந்தே எழும் விமானத்தின் பின்னாலும் கயிறு கட்டிச் சறுக்கிக் காட்டினார். காப்புரிமை மட்டும் எடுக்கவில்லை. அதே 1925இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிரெட் வாலர் நீர்ச்சறுக்குக் கட்டைக்குக் காப்புரிமை பெற்று விற்பனைக்கும் கொண்டுவந்ததால், சாமுவேல்சனின் பெயர் வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தது. முதுகில் பட்ட பெருங்காயத்தால் அவர் சறுக்குவதை விட்டு, பிற்காலத்தில் வான்கோழி வளர்த்து வாழ்ந்தார். 1963இல் செயின்ட் பால் நாளிதழ் ஒன்றின் செய்தியாளர் இந்த ஊருக்கு வந்தபோது பழைய கட்டைகள் கண்ணில் பட்டு, கதை வெளியே வந்தது. 1966இல் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் முதன்முதலில் நீர்ச்சறுக்கியவர் அவரே என்று ஏற்றுக்கொண்டது. 1977இல் இறந்தார். வாழும்போதே அந்த அங்கீகாரம் கிடைத்தது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

வியாழக்கிழமை, ஏரியைச் சுற்றி

இன்று காற்று. வடமேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு இந்த ஏரியின் முழு நீளமும் தடையின்றிக் கிடைப்பதால் அலைகள் வெள்ளை நுரையோடு உருண்டு வந்தன. எங்களுக்குப் படகு தருவதாக ஒப்புக்கொண்டிருந்த அண்ணனின் நண்பர் காலையிலேயே தொலைபேசியில் அழைத்து, இன்று கயிற்றைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரியான முடிவு. 1890ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி மாலை, லேக் சிட்டி அருகே உல்லாசப் பயணம் வந்து திரும்பிய சீ விங் என்ற நீராவிக் கப்பல் திடீர்ப் புயற்காற்றில் கவிழ்ந்து 98 பேர் மாண்டது இந்த ஏரியில்தான். கப்பலோடு பிணைத்துக் கட்டி ஒரு பாரப் படகும் வந்துகொண்டிருந்தது. கட்டு விலகித் தனியே மிதந்த அந்தப் படகில் இருந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். ஒரு கயிறு எப்போது அவிழ வேண்டும் என்பது அது எங்கே கட்டப்படுகிறது என்பதைவிடப் பெரிய விஷயம்.

காரை எடுத்துக்கொண்டு தெற்கே வபாஷா வரை போய், பாலம் தாண்டி விஸ்கான்சின் கரைக்கு வந்து, 35ஆம் எண் சாலை வழியாகப் பெப்பின், ஸ்டாக்ஹோம், மெய்டன் ராக் என்று சிற்றூர்களைக் கடந்து மேலே வந்தோம். அழகான சாலை. ஆனாலும் பாதி நேரம் பின்னிருக்கையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே கழிந்தது, ஏனென்றால் நேற்றுக் கேட்ட கதை அவளை எங்கள் பலகையின் கதைக்குக் கொண்டுவந்திருந்தது.

ட்யூப்புக்குப் பிறகு வந்தது பலகை. எங்கோ வீட்டு வேலையில் மிஞ்சிய ப்ளைவுட். ஆள் படுக்கும் நீளம். முன்விளிம்பின் நடுவில் ஒரு துளை போட்டுக் கயிற்றைக் கட்டினால், பலகை ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பி அலையும். படகு வளையும்போது குப்புறக் கவிழும். இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு துளை போட்டு, கவைக்கோல் வடிவில் இரண்டு சிறு கயிறுகளை இழுத்து, அவை கூடும் முனையில் பெரிய கயிற்றை முடிந்ததும் பலகை நேராக வந்தது. அந்த இரு கயிறுகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அண்ணன் அதற்காக இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து நீவி, முடிச்சு விழும் இடத்தில் கரித்துண்டால் கோடு போடுவான். அந்தக் கோட்டுக்கு விரல் அகலம் விலகினாலும் பலகை ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்தது படுக்கும் இடம். ஆள் முன்னால் தள்ளிப் படுத்தால் மூக்கு தண்ணீரில் குத்தும்; மிகப் பின்னால் போனால் பின்பாகம் அமிழ்ந்து பலகை உழுதுகொண்டு வரும், மேலே எழவே எழாது. நடுவிலிருந்து கொஞ்சம் பின்னே, மார்பு பலகையின் பாதிக்கு வரும்படி படுத்து, படகு வேகம் எடுத்துப் பலகை எழுந்ததும் மெல்ல முன்னே நகர வேண்டும். அந்த எழும் கணம் உடம்புக்குத் தெரியும். அதுவரை கைகளைப் பிடுங்குவதுபோல் இருந்த இழுவை சட்டென்று இலகுவாகும். பலகையின் அடியில் கொழகொழவென்று இருந்த தண்ணீர் திடீரென்று கெட்டியாகித் தடதடக்கும். முகத்தில் அறைந்த நீர் பின்னால் போய்விடும். கண்ணைத் திறந்து முதன்முதலாகப் படகைப் பார்க்கலாம்.

எங்களுக்கு இருந்த விதிகள் எல்லாம் சித்தப்பாவினுடையவை, அவற்றில் ஒன்றைக்கூட மீற விடமாட்டார். கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றக் கூடாது. பிடித்துக்கொள்ள மட்டுமே வேண்டும், ஏனென்றால் விழுந்தால் கை தானாக விட்டுவிடும், சுற்றிய கயிறு விடாது. படகில் ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பின்னோக்கி உட்கார்ந்து, இழுபடுபவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். ஆள் படகின் அருகே வந்தால் எஞ்சினை முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். மெதுவாக ஓடட்டும் என்று விட்டுவைக்கக் கூடாது. தண்ணீரில் தொய்ந்து கிடக்கும் கயிறு ப்ரொப்பல்லரில் மாட்டாதபடி ஒருவர் அதைச் சுருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மினசோட்டாவின் சட்டமும், ஒருவரை இழுத்துச் செல்லும் படகில் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் அகலமாகத் தெரியும் கண்ணாடியாவது இருக்க வேண்டும் என்கிறது. கண்ணாடியை நான் நம்பமாட்டேன். ஆள் இருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். படகின் பின்விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிக அருகில் இழுபட்டு வருவது பிள்ளைகளுக்கு எப்போதும் ஆசை. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அந்த இடத்தில்தான் தேங்குகிறது; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அப்படிப் பிடித்துக்கொண்டு வந்து மயங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். கயிறு நீளமாகவே இருக்கட்டும். இன்றைய நீர்ச்சறுக்குக் கயிற்றின் வழக்கமான நீளம் 75 அடி.

வெள்ளிக்கிழமை, தண்ணீரில்

காற்று இரவோடு நின்றுவிட்டது. காலை ஆறரைக்கெல்லாம் ஏரி அசையாமல் கிடந்தது. படகுத்துறையிலிருந்து மெதுவாக வெளியே வந்து, பாரப் படகுகள் செல்லும் வழியிலிருந்து நன்றாக விலகி, கரையோரப் பாறைகளுக்கும் எட்டாத இடத்தில் நின்றோம்.

போர்வையிலிருந்து தட்டு வெளியே வந்தது. மூன்றரை அடி விட்டம். நீர் தாங்கும் ப்ளைவுட். விளிம்பு முழுவதையும் அண்ணன் அரத்தால் ராவி, பிறகு உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையை ஓட்டினால் ஒரு சிலாம்புகூடத் தட்டாதபடி உருட்டியிருந்தான். அடிப்பக்கம் மூன்று பூச்சு வார்னிஷ். மேல்பக்கத்தில் வார்னிஷ் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிக் காயவிட்டிருந்தான், முழங்கால் வழுக்காமல் இருக்க. சிறுவயதில் நாங்கள் செய்த வட்டத்தட்டில் மணல் கிடையாது. மேல்பக்கத்தைச் சொரசொரப்பாகவே விட்டுவிடுவோம், அது முழங்காலைத் தோலுரிக்கும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு நீர்த்தாளால் தேய்த்தே அடுத்ததைப் பூசினானாம். அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், அத்தனை வழவழப்பு.

தட்டில் கயிறு கட்டத் துளை இல்லை. அதுதான் அதன் சிறப்பு. பலகை வரைக்கும் படகு பலகையை இழுத்தது, நாங்கள் அதன் மேல் கிடந்தோம். வட்டத்தட்டு வந்த பிறகு கயிறு எங்கள் கைக்கு வந்துவிட்டது, தட்டு முழங்காலுக்கு அடியில் வெறுமனே கிடந்தது. நேற்று முன்தினம் சாமுவேல்சனைப் பற்றிச் சொன்னது எங்கள் ஏரியிலும் நடந்திருக்கிறது. அவரைப் பற்றி எதுவுமே அறியாத பிள்ளைகளாக, வேறு ஓர் ஏரியில், அதே படியில் நாங்களும் ஏறியிருக்கிறோம் என்பதை இந்தக் காலையில் படகில் உட்கார்ந்துதான் முழுவதுமாக உணர்ந்தேன்.

அண்ணன் மகள் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தட்டின் பின்பாதியில் வயிற்றை வைத்துப் படுத்து, முன்விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து, கயிற்றுப் பிடியையும் அந்த விளிம்போடு சேர்த்து விரல்களுக்குள் அடக்கிக்கொண்டாள். இப்படிப் பிடித்தால்தான் கிளம்பும்போது இழுவை தட்டுக்கும் சேரும். இல்லாவிட்டால் ஆள் முன்னே போவார், தட்டு பின்னே தங்கிவிடும். சைகைகளை முன்பே பேசி வைத்திருந்தோம்: கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்துக்குக் குறுக்கே கை என்றால் எஞ்சினை நிறுத்து, தலையைத் தட்டினால் துறைக்குத் திரும்பு. விழுந்தால் உடனே கையை உயர்த்திக் காட்ட வேண்டும், நலமாக இருக்கிறேன் என்பதற்கு. நான் பின்னோக்கி உட்கார்ந்தேன். நண்பர் ஓட்டினார். அண்ணன் கயிற்றைக் கையில் எடுத்துத் தொய்வு போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

"அத்தை, போகச் சொல்லுங்க!"

முதலில் தட்டு நீரை உழுதது. அவளுடைய தலை மட்டும் ஒரு வெள்ளை அலைக்குப் பின்னால் தெரிந்தது. படகின் வேகம் கூடக் கூட அந்த அலை அவளுடைய தோளுக்குப் போய், இடுப்புக்குப் போய், பின்னால் விழுந்தது. தட்டு எழுந்துவிட்டது. அதன் கீழிருந்து இரு பக்கமும் மெல்லிய தகடுகளாகத் தண்ணீர் பிரிந்து போயிற்று. அவள் கொஞ்ச நேரம் அப்படியே படுத்து வந்தாள். பிறகு ஒரு முழங்காலை இழுத்துத் தட்டின் மேல் வைத்தாள், அடுத்ததையும் வைத்தாள், விளிம்பிலிருந்து கைகளை எடுத்துக் கயிற்றுப் பிடியை நெஞ்சுக்குக் கொண்டுவந்து நிமிர்ந்தாள். கட்டைவிரல் மேலே போனது.

வட்டத்தட்டுக்கு முன் என்றும் பின் என்றும் கிடையாது. கொஞ்சம் ஒரு பக்கம் பாரத்தைச் சாய்த்தால் அது சுழலத் தொடங்கிவிடும். நேராகப் போவது கட்டையில் எளிது, தட்டில் கடினம். சுழல்வது தட்டில் தானாக வரும். சிறுவயதில் அண்ணன் இந்தத் தட்டின் மேல் முழங்காலிட்டபடி, பிடியை முதுகுக்குப் பின்னால் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி முழுச்சுற்று சுற்றுவான். நாங்கள் எல்லோரும் அதைப் பார்க்கவே படகில் இடம் பிடிப்போம். அவன் மகள் பாதிச் சுற்றுவரை போய், முதுகு படகுப் பக்கம் திரும்பியதும் கயிறு இழுக்க, தண்ணீரில் சரிந்தாள். உடனே கை உயர்ந்தது. படகு அகலமாக வளைந்து, கயிற்றை அவள் பக்கம் கொண்டுபோகும்படி சுற்றிவந்தது. எஞ்சின் நின்றது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா எப்படிக் கையை மாத்துவாரு?" அண்ணன் படகிலேயே முழங்காலிட்டு, கையில் பிடி இருப்பதாக வைத்துக்கொண்டு, இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், பிடி முதுகோடு ஒட்டியே வர வேண்டும், கை நீண்டுவிட்டால் கயிறு தோளைத் திருப்பிவிடும் என்று காட்டினான். நண்பரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை, மீண்டும் தண்ணீரில், பிறகு கிளம்பினோம்

வார இறுதி என்பதால் ஏரியில் படகுகள் பெருகிவிட்டன. ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டோம். பெரிய வண்ணமயமான காற்றுச் சோபாக்களை இழுத்துக்கொண்டு பல படகுகள் போயின. அவற்றில் பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சோபாவில் கயிறு கட்டும் வளையம் ஏற்கெனவே தைத்து வருகிறது. எங்கே கட்டினால் நேராக வரும், எங்கே கட்டினால் கவிழும் என்று ஒரு பிள்ளைக்கும் கேட்கத் தோன்றாது. எங்களுக்கு விளையாட்டில் பாதி அந்தக் கேள்வியாகத்தான் இருந்தது.

எங்கள் தட்டில் இன்று அவள் முழுச்சுற்று சுற்றினாள். அதன் பிறகு எழுந்து நிற்கப் பார்த்தாள். ஒரு காலை ஊன்றி மறு முழங்காலைத் தூக்கும் நேரத்தில் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்து, அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்து நீரைக் கடித்தது. அவள் படகை நோக்கித் தூக்கி எறியப்பட்டதுபோல் விழுந்தாள். சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினாள். மறுபடியும் அதே இடத்தில் அதே விளிம்பு கடித்தது.

திரும்பும் வழியில் ஃப்ரான்டெனாக் குன்றின் மேல் நின்று ஏரியைப் பார்த்தபடி நானும் அண்ணனும் அதைப் பற்றியே விவாதித்தோம். அடுத்த தட்டை நான்கடி விட்டத்தில் அறுக்க வேண்டும், பரப்பு கூடினால் ஒரு காலில் பாரம் குவிந்தாலும் விளிம்பு அமிழாது என்பது அவன் கட்சி. பரப்பு கூடினால் அலையில் தட்டு அதிகம் அடிக்கும், பத்து வயதுப் பெண்ணால் அதை அடக்க முடியாது. விட்டம் இப்படியே இருக்கட்டும், அவள் காலை ஊன்றும் கணத்தில் படகு கொஞ்சம் வேகம் கூட்டினால் போதும், தூக்கும் விசை தானாகக் கிடைக்கும் என்பது என் கட்சி. அவள் இருவரையும் கேட்டுவிட்டு, விளிம்பை மேல்நோக்கிக் கொஞ்சம் வளைத்துவிட்டால் அது நீரைக் கடிக்காதே, சாமுவேல்சன் பலகையின் நுனியைக் கொதிக்கவைத்து வளைத்ததுபோல் இதையும் வளைக்க முடியாதா என்று கேட்டாள். ஒட்டுப்பலகை கொதிநீரில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடக் கூடும் என்று அண்ணன் சொன்னான். அப்படியானால் மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, வளைத்த நிலையிலேயே பசை போட்டு இறுக்கி ஒட்டலாமே என்று நான் சொன்னேன். வீட்டில் எத்தனை இறுக்கிகள் இருக்கின்றன என்று அவன் எண்ணத் தொடங்கினான்.